வேறு கவனிப்புகள்

அந்தப் படிவத்தை அப்படி நான்காக மடிக்காதீர்கள் அக்கா. மடிப்பில் எழுத்து தேய்ந்துபோனால் அதைக் காரணம் சொல்லியே திருப்பி அனுப்புவார்கள். இப்படிக் கொடுங்கள். வளர்ப்புப் பராமரிப்பு விண்ணப்பம்தானே? மேலே இருக்கிற முத்திரையைப் பார்த்ததுமே தெரிந்தது. இதை நான் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். ஆயிரம் இல்லை, நாற்பது இருக்கும். எதையும் கூட்டிச் சொல்லக்கூடாது என்பது என் கொள்கை.

இது தத்து இல்லை, தெரியுமல்லவா? நல்லது. பாதிப் பேர் அது தெரியாமலே வந்து நிற்பார்கள். தத்து என்றால் குழந்தை உங்கள் குழந்தை. இதில் குழந்தை அரசாங்கத்தின் பொறுப்பு, வளர்ப்பது மட்டும் நீங்கள். மாதாமாதம் வந்து வீட்டைப் பார்ப்பார்கள், அல்லது பார்த்ததாக எழுதுவார்கள். வருடம் முடிந்தால் குழந்தைகள் நலக்குழு முன்னால் நின்று நீட்டிப்பு வாங்க வேண்டும். கிடைத்தால் குழந்தை உங்கள் வீட்டில் இருக்கும். கிடைக்காவிட்டால் அரசு இல்லத்துக்குப் போகும்.

என்னிடம் பேனா இருக்கிறது. எத்தனை பெட்டியைக் காலியாக விட்டிருக்கிறீர்கள் பாருங்கள். கலெக்டர் ஆபீஸ் போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும், அதற்குள் நிரப்பிவிடலாம். நானும் அங்கேதான் இறங்குகிறேன். திங்கட்கிழமை மனு நாள் இல்லையா. எனக்கு இது பதினோராவது திங்கட்கிழமை.

வீட்டில் யார் யார்? நீங்கள், வீட்டுக்காரர், மாமனார். மாமனாரை ஏன் எழுதவில்லை? படுத்த படுக்கையாக இருந்தாலும் ஆள் ஆள்தான் அக்கா. அவருக்கும் போலீஸ் சான்று வேண்டும். எழுதுகிறேன்.

இந்தப் பெண் என்ன இவ்வளவு கறாராக இருக்கிறாள் என்று நினைக்கிறீர்கள். காரணம் இருக்கிறது. நான் சமூகப் பணி முதுகலை படிக்கிறேன், இரண்டாம் ஆண்டு. வாரத்தில் இரண்டு நாள் களப்பணி. போன வருடம் என்னைப் போட்டது ஒரு குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில். எந்த மாவட்டம் என்று சொல்ல மாட்டேன். குழந்தையின் பெயரையும் சொல்ல மாட்டேன், அதற்கென்றே சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. பாப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற நடுநிலைப் பள்ளி, இரண்டாம் வகுப்பு, முன்பல் இரண்டும் விழுந்தவள். அலுவலகம் நாம் இறங்கப்போகிற கட்டடத்திலேயே இரண்டாவது மாடி.

அங்கே தனபால் என்று ஒரு பாதுகாப்பு அலுவலர். முதல் நாளே நான் கோப்புகளைக் கேட்டு வாங்கினேன். வளர்ப்புக் குழந்தைகள் இருந்தது ஆறு வீடு. ஆறு வீட்டுக்கும் மாதாந்திர ஆய்வு அறிக்கை இருந்தது. எல்லாம் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே வாக்கியம். "குழந்தை நலமாக உள்ளது." கடைசியில் வேறு கவனிப்புகள் என்று ஒரு பெட்டி வரும், உங்கள் படிவத்திலும் இருக்கிறது பாருங்கள், அதில் எல்லா மாதமும் "இல்லை". அந்த ஆறு பேரில் ஒரு பெண் பிப்ரவரியிலேயே வீட்டை விட்டு ஓடிப்போய்விட்டாள். மார்ச் அறிக்கையில் நலமாக இருக்கிறாள். ஏப்ரலிலும் நலமாக இருக்கிறாள்.

நான் போய்க் கேட்டேன். "சார், ஓடிப்போன பொண்ணு நலமா இருக்கான்னு எழுதியிருக்கீங்க."

அவர் டீயை ஊதிக்கொண்டே சொன்னார், "எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும்மா."

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. அந்த அறையிலும் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வரவில்லை. அன்றிலிருந்து அவர் எனக்கு வைத்த பெயர் சட்டப்புத்தகம். நான் உள்ளே நுழைந்தால், "வாங்க சட்டப்புத்தகம், இன்னிக்கு எத்தனாவது பக்கம்?" என்பார். நான் அந்தப் பக்கத்தைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன்.

ஆறு வீட்டையும் நானே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். முன்னறிவிப்பு இல்லாமல். விதி அப்படித்தான் சொல்கிறது. நான்கு வீடு பூட்டியிருந்தது. "பூட்டியிருந்தது" என்று எழுதினேன், வேறு என்ன எழுத முடியும்? ஐந்தாவது அந்த ஓடிப்போன பெண்ணின் வீடு, அங்கே பார்க்கக் குழந்தை இல்லை. ஆறாவது துளசிமணி அக்காவின் வீடு. அது மட்டும்தான் திறந்திருந்தது.

வீடு என்றால் விசைத்தறிக் கூடத்துக்குப் பின்னால் ஒட்டிக்கட்டிய லைன் வீடு. ஒரு அறை, ஒரு சமையல் மறைப்பு. அறையிலிருந்து தறிக்கூடத்துக்கு நேராக ஒரு கதவு. அந்தக் கதவை மூடாதபடி ஆணியில் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் பன்னிரண்டு தறி ஓடிக்கொண்டிருந்தது. நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. ஆனால் துளசிமணி அக்கா பதில் சொன்னாள். தறிக்காரர்கள் காதால் கேட்பதில்லை அக்கா, உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு உதட்டை அசைத்தே பேசிக்கொள்வார்கள். சத்தம் இல்லாத இடத்தில் வாயைத் திறந்தால் கத்துவது போல இருக்கும், அதுவும் அவர்களுக்குத் தெரியாது.

"வாங்க அம்மிணி, உக்காருங்க. காப்பி வெக்கட்டுங்களா?"

ஆய்வுக்குப் போகிற இடத்தில் எதுவும் சாப்பிடக்கூடாது என்றேன்.

"தண்ணியாச்சுங் குடிங்க."

தண்ணீரும் கூடாது என்றேன்.

"தண்ணியில என்னங்க லஞ்சம்?" என்று சிரித்தாள். அப்புறம் எனக்கு எல்லாவற்றையும் காட்டினாள். தடுப்பூசி அட்டை, பள்ளி நோட்டு, பாப்பா கரியால் சுவரில் வரைந்த யானை. "ஒரு சாரு வருவாருங்க. வாசல்ல நின்னுக்கிட்டே, புள்ளை இருக்குதான்னு கேப்பாரு. இருக்குதுங்கம்பேன். போயிருவாரு. இந்த ரெண்டு வருசத்துல உள்ளார வந்து பாத்தது நீங்கதானுங்க." அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம். கட்டிவைத்த கதவைப் பற்றிக் கேட்டேன். அதையும் மறைக்கவில்லை.

பாப்பாவைப் பெற்றவளும் தறியில்தான் இருந்தாளாம். இரண்டு தறிக்கு நடுவில் தூளி கட்டித்தான் வளர்த்திருக்கிறாள். அவள் செத்துப்போனாள். அப்பன் கேரளாவுக்கு வேலைக்கென்று போனவன் திரும்பவில்லை. குழு பாப்பாவைத் துளசிமணி அக்காவிடம் ஒப்படைத்தபோது ஐந்து வயது. ஆறு மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை, தூங்கவும் இல்லை. கடைசியில் ஒரு நாள் அந்தக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறாள். சத்தம் உள்ளே வந்ததும் பாப்பா அப்படியே சுருண்டு தூங்கிவிட்டாள். "தறி ஓடுனா தூங்குமுங்க. கரண்டு போயி தறி நின்னுச்சுன்னா எந்திரிச்சு உக்காந்துக்கும். அதுக்குத்தான் சாத்தறதே இல்லீங்க."

பாப்பா எங்கே என்றேன். கூடத்தைக் காட்டினாள். கழிவு நூல் மூட்டைமேல் உட்கார்ந்து கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எண்ணுவதற்கு எதிரே தார்க்குச்சிகள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் நூல் சுற்றிப் போடுவார்களே, அந்தக் குச்சி. துளசிமணி அக்கா தறியிடம் போய், திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டினாள். பாப்பா நூல் சுற்றிய ஒரு தாரை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். வைத்துவிட்டு மறுபடி கணக்கைப் பார்த்தாள்.

நான் கண்ணால் பார்த்தது அது. பார்த்ததை எழுதாமல் இருக்க நான் தனபால் சார் இல்லை. வேறு கவனிப்புகள் பெட்டியில் மூன்று வரி எழுதினேன். இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. "குழந்தை தறிக்கூடத்தில் காணப்பட்டது. வளர்ப்புத் தாயின் வேலைக்குப் பொருள் எடுத்துக் கொடுத்தது. எனினும் குழந்தை மகிழ்ச்சியாகக் காணப்பட்டது." மூன்றாவது வரியைக் கவனியுங்கள். அது என் வரி. யாரும் அதைப் படிக்கவில்லை என்பதுதான் என் வழக்கே.

கிணறு இருக்கிறதா அக்கா உங்கள் வீட்டில்? கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம்? குத்துமதிப்பாக வேண்டாம், இடுப்பு வரைக்குமா, அதற்குக் கீழேயா? கீழே. சரி, இரண்டரை அடி என்று போடுகிறேன். பயப்படாதீர்கள், உண்மையை எழுதினால் ஒன்றும் ஆகாது.

தனபால் சார் என் அறிக்கையை இரண்டு முறை படித்தார். அந்த மனிதர் எதையும் இரண்டு முறை படித்து நான் பார்த்ததில்லை. "ஏம்மா, இந்த முதல் ரெண்டு வரிய எடுத்துரு" என்றார். "அடுத்த மாசம் அந்தப் புள்ளைக்கு நீட்டிப்பு வருது. நான் நேரா போயி அந்தக் கதவ செங்கல் வெச்சு அடைக்கச் சொல்றேன். ஒரு நாள் வேலை. அடுத்த மாசம் நீயே போயிப் பாத்து, வீடு தனி, வேலையிடம் தனின்னு எழுது."

"அப்ப இன்னிக்குப் பாத்தது சார்?"

"இன்னிக்கு வீடு பூட்டியிருந்துச்சுன்னு போடு."

பூட்டியிருந்தது. கேட்டீர்களா? திறந்த வீட்டைப் பூட்டியிருந்தது என்று எழுதச் சொல்கிறார். நான் முக்கால் மணி நேரம் அவரோடு வாதாடினேன். நான் வாதத்தில் தோற்பதில்லை அக்கா, பல்கலைக்கழகங்களுக்கிடையிலான விவாதப் போட்டியில் இரண்டு முறை முதல் பரிசு. "ஒரு நல்லவளுக்காக விதியை வளைச்சா, நாளைக்கு ஒரு கொடுமைக்காரனுக்காகவும் அதே விதி வளையும் சார்" என்றேன். இதற்கு என்ன பதில் இருக்கிறது சொல்லுங்கள். "நீ சொல்றது சரிதாம்மா" என்றார். "ஆனா அவ யாருன்னு உள்ள போயிப் பாத்தது நீதானே." அது பதில் இல்லை, உணர்ச்சி.

அன்றே மேலே எழுதினேன். மாநில அலுவலகத்துக்கு, மின்னஞ்சலில், ஏழு பக்கம். ஓடிப்போன பெண், பொய் அறிக்கைகள், பூட்டிய நான்கு வீடு, எல்லாம். இணைப்பாக நான் முறையாகச் செய்த ஒரே ஒரு ஆய்வு, எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு மாதிரியாக. அது துளசிமணி அக்காவின் வீடு.

பதினைந்தே நாளில் பதில் வந்தது. பொய் அறிக்கைகள் குறித்து விளக்கம் கேட்டிருந்தார்கள். தனபால் சார் அரைப் பக்கத்தில் விளக்கம் கொடுத்தார், பணிச்சுமை என்று, அது கோப்பில் சேர்ந்தது. பூட்டியிருந்த நான்கு வீட்டிலும் குறை எதுவும் பதிவாகவில்லை என்பதால் நீட்டிப்பு. தறிக்கூடம் குறித்து மட்டும் உடனடி நடவடிக்கை. ஏழு பக்கத்தில் அவர்கள் கையில் பிடிக்க முடிந்தது அந்த இரண்டு வரியைத்தான்.

தனபால் சார் கடிதத்தை என்னிடம் நீட்டினார். அன்றைக்கு எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. "மேல போயிருச்சும்மா. இனிச் செங்கலெல்லாம் செல்லாது" என்றார். பொறுப்பை எவ்வளவு அழகாகத் தட்டிக்கழிக்கிறார் பாருங்கள்.

அப்போதும் நான் விடவில்லை. குழுவின் அமர்வுக்கு நானே துளசிமணி அக்காவோடு போனேன். காலையிலிருந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். பாப்பா புதுப் பாவாடை கட்டியிருந்தாள். துளசிமணி அக்காவின் வீட்டுக்காரர் நாச்சிமுத்து தறியை நிறுத்த முடியாது என்று வரவில்லை. துளசிமணி அக்கா என் பக்கம் குனிந்து சொன்னாள், அவள் ரகசியம் வராந்தா முழுக்கக் கேட்டது.

"அம்மிணி, நீங்க ஒண்ணும் பேச வேண்டாமுங்க. உள்ளார போனதுமு நான் கால்ல உளுந்தர்றேன். அந்தத் தலைவரம்மா எளகுன மனசுன்னு சொல்றாங்க. அளுதாவது வாங்கீருவேன்."

நான் விடுவேனா? "இது பிச்சை இல்லைக்கா, குழந்தையோட உரிமை" என்றேன். "யார் காலிலும் விழக்கூடாது. கேட்டதுக்கு உண்மையைச் சொல்லுங்க, மீதியை நான் பார்த்துக்கறேன்." "படிச்சவிய சொன்னாச் சரிங்க" என்றாள்.

உள்ளே மூன்று பேர். மூலையில் பொம்மைகள், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். தலைவரம்மா நடுவில். துளசிமணி அக்கா நுழைந்ததுமே அவளுக்கு முழங்கால் மடிந்தது. நான் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். நன்றாகவே பிடித்தேன், அவள் வளையல் என் கையில் அழுந்திய தடம் சாயங்காலம் வரை இருந்தது.

"குழந்தை தறிக்கூடத்துக்கு வருமா?" என்று கேட்டார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

"வருமுங்க."

"மெதுவாப் பேசும்மா. சண்டைக்கா வந்திருக்கே? என்ன பண்ணும் அங்கே?"

"எங்கிட்டயே இருக்குமுங்க. தார் எடுத்துக் குடுக்கும்."

ஒரு உறுப்பினர் எழுதிக்கொண்டார். பிறகு பாப்பாவைக் கூப்பிட்டு எதிர்ப்பக்கம் உட்காரவைத்தார்கள். அப்போது துளசிமணி அக்கா இங்கிருந்து உதட்டை அசைத்தாள். பாப்பா அங்கிருந்து உதட்டை அசைத்தாள். சத்தமே இல்லை. உறுப்பினர் நிமிர்ந்து பார்த்து, "என்ன, பிள்ளைக்குச் சொல்லிக்குடுக்கிறியா?" என்றார். சாட்சியைக் கலைக்கிறாள் என்று அதையும் எழுதிக்கொண்டார். நான் வெளியில் வந்து கேட்டேன், அப்படி என்னதான் சொன்னீர்கள் என்று. "பசிக்குதான்னு கேட்டனுங்க. இல்லைன்னுச்சு."

பிறகு நான் பேசினேன். இருபது நிமிடம். சட்டத்தின் நோக்கம், குழந்தையின் நலனே முதன்மை, நிறுவனத்தைவிடக் குடும்பமே மேல் என்று சட்டமே சொல்வது, எல்லாம் பிரிவு எண்ணோடு. தலைவரம்மாவிடமே, இந்தப் பிரிவை நீங்கள் கடைசியாக எப்போது படித்தீர்கள் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இது பட்டிமன்றம் இல்லம்மா. தறிக்கூடத்தில் பார்த்தேன்னு எழுதினதும் நீ, அனுப்பக்கூடாதுன்னு பேசறதும் நீ. நாங்க எந்த உன்னை நம்பறது?" என்றார். நான் மூன்றாவது வரியைப் படிக்கச் சொன்னேன். மணி ஒன்றரை ஆகியிருந்தது. உணவு இடைவேளைக்கு எழுந்துவிட்டார்கள். உத்தரவு மூன்று மணிக்கு வந்தது. நீட்டிப்பு இல்லை.

பாப்பாவை ஒரு காவலர் அம்மா கையைப் பிடித்து அழைத்துப் போனார். அவள் அழவில்லை. திரும்பித் திரும்பி உதட்டை அசைத்துக்கொண்டே போனாள். துளசிமணி அக்காவும் அசைத்துக்கொண்டே நின்றாள், ஜீப் கேட்டைத் தாண்டும் வரை. பிறகு என்னிடம், "உங்க மேல தப்பில்லீங்க அம்மிணி. நாந்தான் கதவச் சாத்தியிருக்கோணும்" என்றாள்.

பாருங்கள், அவளே சொன்னாள், என்மேல் தப்பில்லை என்று. அவளுக்குப் புரிந்தது தனபாலுக்குப் புரியவில்லை.

குழந்தை வந்தால் எங்கே படுக்கும் அக்கா? உங்கள் பக்கத்திலேயா? தனிக் கட்டில் கேட்கிறார்கள் இங்கே. வாங்கிவிடுவேன் என்று எழுதட்டுமா? வேண்டாம், இப்போது இல்லாததை இருக்கிறது போல எழுதக்கூடாது. "தற்போது இல்லை" என்று போடுகிறேன்.

அதற்கப்புறம் என் அறிக்கைக்குத் துறையில் முதல் மதிப்பெண் கொடுத்தார்கள். முதலாமாண்டு மாணவிகளுக்கு அதை மாதிரியாகப் பாடம் எடுக்கிறார்கள். அது வேறு விஷயம், அதில் எனக்கு ஒன்றும் பெருமை இல்லை. ஒரு மாதம் கழித்து ஆய்வுக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டு பாப்பாவின் இல்லத்துக்கே போனேன். கையில் அதே படிவம். தனிக் கட்டில், இருந்தது, பதினான்காம் எண். கற்கும் இடம், இருந்தது. வேலையிடம் அருகில் இல்லை. சுற்றுச்சுவர், கேமரா, வருகைப் பதிவேடு. எல்லாப் பெட்டியிலும் ஆம், ஆம், ஆம். வாழ்க்கையில் நான் பார்த்த முதல் குறையில்லாத இடம் அது.

"பாப்பா எங்கே?" என்றேன்.

காப்பாளர் அம்மா அலுத்துக்கொண்டார். "அத ஏங் கேக்கறீங்க. கட்டில்ல படுக்கறதே இல்ல. பகல்ல தண்ணி மோட்டார் போட்டதும் போயி அந்த ரூம் செவுத்துல சாஞ்சுக்கறா. மோட்டார் ஓடற அரை மணி நேரந்தான் தூங்கறா."

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பாப்பா சுவரில் காதை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள், வாய் லேசாகத் திறந்து. முன்பல் ஒன்று பாதி முளைத்திருந்தது. என் காலடி கேட்டுக் கண் விழித்தாள். என்னைத் தெரிந்தது. உதட்டை அசைத்தாள். ஏதோ கேட்டாள். எனக்கு அந்தப் பாஷை தெரியாது அக்கா. "சத்தமாச் சொல்லு பாப்பா" என்றேன். மறுபடியும் அசைத்தாள், இந்தத் தடவை மெதுவாக, எனக்குப் புரியட்டும் என்று. புரியவில்லை.

வெளியில் வந்து படிவத்தின் கடைசிப் பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எழுதினால் மோட்டார் அறையைச் சுற்றி வேலி போட்டுவிடுவார்கள். மின்சாரம் இருக்கிற இடம், போடத்தான் வேண்டும், விதி அது. நான் "இல்லை" என்று எழுதினேன். வேறு கவனிப்புகள், இல்லை. ஒரே ஒரு முறைதான். அதையும் தனபால் சார் செய்ததையும் ஒன்றாக வைக்கக்கூடாது. நான் யோசித்துவிட்டு எழுதினேன்.

அடுத்த மாதம் ஆய்வுக்குப் போனது முதலாமாண்டுப் பெண் ஒருத்தி. நல்ல பெண், சுறுசுறுப்பு. என் மாதிரி அறிக்கையைப் படித்துவிட்டுப் போயிருக்கிறாள். அவள் எழுதியதை எனக்குக் காட்டினாள். "குழந்தை மோட்டார் அறை அருகே காணப்பட்டது." வாக்கியம் அப்படியே என்னுடையது. அவளிடம் நான் என்ன சொல்ல முடியும்? பார்த்ததைத்தானே எழுதியிருக்கிறாள்.

அதன்பேரில் பாப்பாவை வேறு இல்லத்துக்கு மாற்றிவிட்டார்கள். வேறு மாவட்டம். எங்கே என்று கேட்டேன். சொல்லக்கூடாது என்றார்கள். குழந்தையின் இருப்பிடத்தை வெளியாளுக்குச் சொல்லக்கூடாது என்று விதி இருக்கிறது. அது சரியான விதி. அந்தப் பிரிவை அவர்களுக்கு எடுத்துக் காட்டியதே நான்தான்.

துளசிமணி அக்கா போன வாரம் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். இதோ பாருங்கள். கதவை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். பூச்சு கூட இன்னும் காயவில்லை. இப்போது தெருவைச் சுற்றிக்கொண்டு தறிக்குப் போகிறாளாம். கீழே குரல் பதிவு, சின்னது. "அம்மிணி, அடைச்சுட்டமுங்க. இதக் காட்டி ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க." அதற்குத்தான் இந்தத் திங்கட்கிழமையும் போகிறேன். பத்து மனுவுக்கும் பரிசீலனையில் உள்ளது என்று ஒரே பதில். தனபால் சார் படியில் பார்த்தால் ஒதுங்கிப் போய்விடுகிறார். போகட்டும். படத்தைப் பிரிண்ட் போட்டு இணைத்திருக்கிறேன். ஒன்றும் நடக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பதிவு இருக்க வேண்டும் இல்லையா.

இதெல்லாம் உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை அக்கா. உங்களைப் போன்றவர்கள் வர வேண்டும். இந்த மாவட்டத்தில், அதாவது அந்த மாவட்டத்தில், வீடு கிடைக்காமல் எத்தனை குழந்தைகள் காத்திருக்கிறார்கள் தெரியுமா? நீங்கள் கதவைத் திறந்து வையுங்கள், கேட்டதற்கு உண்மையைச் சொல்லுங்கள், போதும். கடைசிப் பெட்டிதான் பாக்கி. வேறு ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கிறதா? எதுவானாலும் சொல்லுங்கள். எனக்கு முன்னால் இந்தப் பெட்டி காலியாக இருந்தால் கை அரிக்கும்.

என்ன அக்கா, எழுந்துவிட்டீர்கள்? கலெக்டர் ஆபீஸ் இன்னும் இரண்டு நிறுத்தம் தள்ளி. இது பழைய ஆஸ்பத்திரி நிறுத்தம். இங்கே ஏதாவது வேலை இருக்கிறதா? வீட்டுக்காரருக்குப் போன் பண்ண வேண்டுமா? பஸ்ஸிலேயே பண்ணலாமே.

அக்கா, படிவம். படிவத்தை விட்டுவிட்டுப் போகிறீர்கள். கண்டக்டர், ஒரு நிமிடம் நிறுத்துங்கள், அந்த அம்மா மறந்துவிட்டுப் போகிறார்கள். அக்கா, இங்கே, ஜன்னல் பக்கம் பாருங்கள். எல்லாப் பெட்டியும் நிரப்பிவிட்டேன். உங்கள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.